மொட்டை போட்டதை மறந்த தாய்

தொலைந்துபோன குழந்தையின் பெயரை மைக்கில் சொல்லக் கூடாது. எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுதான். "கார்த்திக் என்ற சிறுவன் இங்கே இருக்கிறான்" என்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி அறிவித்துவிட்டால், போகிறவன் வருகிறவன் எல்லாம் "டேய் கார்த்திக், வாடா கண்ணா" என்று கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பான். பெயரைக் கேட்டதும் குழந்தையும் திரும்பிப் பார்க்கும். அப்புறம் யார் அப்பன், யார் திருடன் என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் சட்டையின் நிறம், தோராயமான வயது, காலில் செருப்பு உண்டா இல்லையா, இவ்வளவுதான் மைக்கில் வரும். தேடி வருகிறவர்கள்தான் பெயரைச் சொல்ல வேண்டும்.

இப்போது இதற்கெல்லாம் வேலை குறைந்துவிட்டது. அண்ணாமலையார் தீபத்துக்கு வரும் குழந்தைகளின் கையில் பட்டை கட்டிவிடுகிறார்கள். அதில் பெற்றவர்களின் செல்போன் நம்பர் இருக்கிறது. முக்குக்கு முக்கு கேமரா. மைக்கில் வருவது எங்கோ ஒரு அறையில் பதிவு செய்த குரல். பௌர்ணமிதோறும் என் வீட்டு மொட்டைமாடி வரைக்கும் அது கேட்கிறது. "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று மூக்கைச் சிந்துகிற ஆள் இல்லை நான். அந்தப் பட்டை அன்றைக்கே இருந்திருந்தால் எத்தனையோ பேர் வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடியிருக்க மாட்டார்கள். நல்ல ஏற்பாடுதான்.

நான் வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவள். அறிவிப்பாளர் வேலைக்கென்று யாரும் என்னை எடுக்கவில்லை. தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் கூட்டம் நெரியும்போது, காணாமல்போனவர்களுக்காகப் பாதையோரம் பந்தல் போட்டு மைக் வைப்பார்கள். அதில் உட்கார அலுவலகங்களிலிருந்து ஆள் அனுப்ப வேண்டும். திருவிழா நாளில் யார் போவார்கள்? எல்லோருக்கும் வீட்டில் பண்டிகை. "வசந்தாவ அனுப்புங்க சார். தொண்டையும் பெருசு. அவங்களுக்கென்ன, வீட்ல கொழந்தையா குட்டியா" என்று பக்கத்து நாற்காலிக்காரி சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். அன்றைக்குப் போனவள், ஓய்வு பெறும் வரைக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

உள்ளது என்றால் இதுதான்: கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. வேலூர் வரைக்கும் போய் டாக்டரைப் பார்த்தோம், சுற்றாத கோயில் இல்லை. கடைசியில் அவர் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு ஆரணிப் பக்கம் போய்விட்டார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்ததாகக் கேள்விப்பட்டேன். அதோடு குறை யாரிடம் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. சொந்தத்தில் வளைகாப்பு என்றால் எனக்கு மட்டும் தாம்பூலப் பை வீட்டுக்கு வந்துசேரும். அழைப்பு வராது. நானும் போய் நிற்க மாட்டேன். என்னைப் பார்த்து யாராவது ஏதாவது சொல்வதற்கு முன்னால் நானே எனக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவேன். எழுதக் கை வராத சொல் அது. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பந்தலுக்கு மேற்பார்வை அசோகன் சார். வெள்ளை முழுக்கைச் சட்டையை இரண்டே மடிப்பு மடித்துவிட்டிருப்பார். அதற்கு மேல் ஏற்றி நான் பார்த்ததில்லை, எவ்வளவு வேலையிருந்தாலும். சத்தமாகப் பேச மாட்டார். அவர் பௌத்தர். தாத்தா காலத்தில் கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன குடும்பம், அங்கேதான் பௌத்தத்துக்கு மாறியிருக்கிறார்கள். ஆபீசில் "புத்தர் சார்" என்று முதுகுக்குப் பின்னால் கிண்டல் ஓடும். அவருக்கும் தெரியும். "எங்களுக்கும் பௌர்ணமிதான் விசேஷம். நீங்க மலையச் சுத்துறீங்க, நான் இப்பிடியே உக்காந்துக்குறேன், அவ்ளோதான் வித்தியாசம்" என்பார்.

சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு அறிவிப்பு மாதிரியைக் கொடுத்தார்கள். "கவனக்குறைவாகக் குழந்தையைத் தொலைத்த பெற்றோர் உடனடியாக" என்று ஆரம்பிக்கும். அசோகன் சார் பேனாவை எடுத்து முதல் மூன்று சொல்லையும் அடித்தார். "தொலைச்சவங்களுக்குத் தெரியாதா தொலைச்சோம்னு? அதையும் நாம மைக் போட்டு சொல்லணுமா?" என்றார். பிறகு அவர் எழுதிக் கொடுத்தது: "பச்சைச் சட்டை போட்ட ஒரு பையன் எங்களோடு இருக்கிறான். சாப்பிட்டுவிட்டான். பயப்படாமல் வாருங்கள்." அந்த "சாப்பிட்டுவிட்டான்" அவருடையது. அதைக் கேட்டதும் எங்கேயோ கூட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு தாய்க்கு மூச்சு வரும் என்பார். அதற்காகவே குழந்தைக்கு முதலில் இட்லி கொடுத்த பிறகுதான் மைக்கைத் தொட விடுவார். பொய் சொல்லக் கூடாது இல்லையா.

ஒப்படைப்பதற்கும் முறை உண்டு. வந்தவர் குழந்தையின் பெயரைச் சொல்ல வேண்டும், உடம்பில் ஒரு அடையாளம் சொல்ல வேண்டும். இரண்டும் சரியாக இருந்தாலும் உடனே கொடுத்துவிடக் கூடாது. "மொகத்தப் பாக்காதீங்க, காலப் பாருங்க" என்பார் சார். மிட்டாயைக் காட்டினால் எந்தக் குழந்தையும் சிரிக்கும், ஆனால் சொந்த மனிதர்களைப் பார்த்தால்தான் பாதம் தன்னால் அந்தப் பக்கம் திரும்பும். கால் நகர்ந்தால் கொடுக்கலாம். நகராவிட்டால் இருவரையும் உட்கார வைத்துப் பொறுத்திருக்க வேண்டும்.

மைக் போடுவதற்கு முன் அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். உதடு மட்டும் அசையும். ஒருநாள் என்ன மந்திரம் என்று கேட்டேன். மந்திரமெல்லாம் இல்லை, மைத்ரி என்றார். நான் நல்லா இருக்கணும், எனக்கு வேண்டியவங்க நல்லா இருக்கணும், தெரியாதவங்க நல்லா இருக்கணும், ஆகாதவங்களும் நல்லா இருக்கணும் என்று வரிசையாக நினைத்துக்கொள்வது.

"மொதல்ல நானா? சுயநலமா இல்ல இருக்குது சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"சாப்பாட்டு வரிசையில பசியோட நிக்கிறவங்கள்ல நானும் ஒருத்தன்தான வசந்தா? என்னை மட்டும் தள்ளிட்டுப் பரிமாறணும்னு எந்த ஊரு நியாயம்?" என்றார்.

வீட்டுக்குப் போய் முயன்று பார்த்தேன். மற்ற மூன்று வரியும் வந்தது. ஆரணிக்குப் போனவர்கூட நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல முடிந்தது. முதல் வரி மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. விட்டுவிட்டேன்.

ஒரு தீபத்தன்று மதியம் வந்தவள் பெயர் தனலட்சுமி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஊர். இருபத்தைந்துகூட இருக்காது. கூடவே, அடுத்த பஸ்ஸில் பின்னால் வந்துசேர்ந்த அவள் நாத்தனார். அவள் இன்னும் பையனைப் பார்க்கவில்லை. தேரடிப் பக்கம் கூட்டத்தில் பிடித்திருந்த கை நழுவி, நாலு வயதுப் பையனைக் காணவில்லை. செல்போன் எல்லோர் கையிலும் வராத காலம் அது. ஒரு பந்தலுக்கும் இன்னொரு பந்தலுக்கும் போலீஸ்காரரின் வாக்கிடாக்கியில்தான் பேச்சு.

அடையாளம் கேட்டேன். ஒரு நொடி யோசிக்காமல் சொன்னாள். "சுருட்ட முடிங்க. நெத்தியில வந்து விழும். செவப்புச் சட்டை, நெஞ்சுல பொம்மை போட்டது." எல்லாப் பந்தல்களுக்கும் பெயர் இல்லாமல் அதையே சொன்னோம். நானும் மைக்கில் சுருட்டை முடி, சிவப்புச் சட்டை என்று தொண்டை காயக் கூப்பிட்டேன். எங்கேயும் அப்படி ஒரு பையன் இல்லை. நேரம் போகப் போக அவள் அழுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு அசோகன் சார் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டுக்கொண்டார். "ஏம்மா, காலைல வீட்ட விட்டுக் கெளம்புனதுலேர்ந்து என்னென்ன பண்ணீங்கன்னு வரிசையா சொல்லுங்க. அவசரமே இல்ல."

"காலைல பஸ் ஏறுனோம். அவன் சன்னல் ஓரம்தான் வேணும்னு அழுதான். எறங்குனதும் டீ குடிச்சோம். அப்புறம் மொட்டை..."

அங்கேயே நின்றுவிட்டாள். வாய் திறந்தபடியே இருந்தது.

பையனுக்கு அன்றைக்குக் காலையில்தான் வேண்டுதல் மொட்டை அடித்திருக்கிறார்கள். குளிப்பாட்டிச் சந்தனம் பூசி, கடைவீதியில் வாங்கின புது மஞ்சள் பனியனை மாட்டியிருக்கிறார்கள். நாலு வருடமாகச் சீவிவிட்ட தலைதான் பதற்றத்தில் அவள் கண்ணுக்கு வந்திருக்கிறது, காலையில் பார்த்த தலை வரவில்லை. இந்த ஊரில் எத்தனை குடும்பத்துக்கு இது நடக்கும் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு மொட்டை போட்டீர்களா என்பதுதான் எங்கள் பந்தலில் முதல் கேள்வியாயிற்று.

வாக்கிடாக்கியில் சொன்னதும் பதில் வந்துவிட்டது. செங்கம் சாலைப் பந்தலில் மஞ்சள் பனியன் போட்ட மொட்டைப் பையன் மதியத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறானாம். எங்கள் மைக் அவன் காதில் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

நாத்தனார் அம்மாள் நெஞ்சில் கையை வைத்து அண்ணாமலையாரைக் கும்பிட்டாள். அடுத்த மூச்சிலேயே ஆரம்பித்தாள். "பெத்த புள்ளைக்கு மொட்டை போட்டதே மறந்துட்டாளாம். இவள்லாம் ஒரு தாயா? எந்தம்பிகிட்ட நான் இன்னான்னு போய் சொல்றது?"

போலீஸ்காரர் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். பெயர் விக்னேசு என்றும் தொடையில் மச்சம் என்றும் தனலட்சுமி சரியாகத்தான் சொன்னாள். ஆனால் பையனின் கால் நகரவில்லை. அவளைப் பார்த்தான், கோபமாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளும் கை நீட்டவில்லை.

"அண்ணிகிட்டயே குடுத்துடுங்க சார். என்கிட்ட வேணாம். நான் அதுக்கு லாயக்கு இல்ல" என்று எழுந்தாள். கூட்டத்தைப் பார்த்துக் காலெடுத்து வைத்தாள். அந்த நடையில் அவள் வீட்டுக்குப் போகப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படி ஒரு நடை எனக்குள்ளும் இருந்தது.

அசோகன் சார் வழியை மறிக்கவில்லை. "கூட்டி வந்தவங்க கெளம்பிட்டா நாங்க யாருக்கும் பையனக் குடுக்க முடியாதும்மா. கொஞ்சம் உக்காருங்க. எங்களுக்காக" என்றார். எங்களுக்காக என்றதும் உட்கார்ந்தாள். அதே நேரம் மலைமேல் தீபம் ஏறிவிட்டது. அரோகரா என்று ஊரே எழுந்து கத்தியது. அந்தச் சத்தத்தில் மைக் போட்டுப் பிரயோசனமில்லை. நாத்தனார்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். பந்தலுக்குள் மலையைப் பார்க்காதவர்கள் நாங்கள் நாலு பேர்தான்.

நான் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. உங்க புள்ள தலைய நீங்க மறப்பீங்களா?"

யார் கேட்டாலும் நான் பதில் வைத்திருப்பேன். இல்லை என்று சொல்லி நிறுத்த மாட்டேன், கூடவே ஒரு மன்னிப்பையும் சேர்த்துக்கொள்வேன். அன்றைக்கும் அப்படியே வந்தது. "எனக்குப் புள்ள இல்லம்மா. எத்தினியோ பாத்தோம். எங்கிட்டதான் கொறை."

அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். தண்ணீர் சிந்திவிட்டது. "ஐயோ அக்கா, அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? அது உங்க தப்பா? அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க." தன் துக்கத்தை அந்த நிமிடம் அவள் மறந்தே போனாள். குரல் அவ்வளவு இளகியிருந்தது. என்னைப் பெற்ற தாய்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

அசோகன் சார் கேட்டுக்கொண்டிருந்தார். "அம்மா, இப்ப இவங்ககிட்ட ஒரு கொரல்ல பேசுனீங்களே, அதே கொரல்ல உங்ககிட்டயும் ஒரு தடவ பேசிப் பாருங்க."

"நான் செஞ்சது வேற சார். நான் கைய விட்டேன்."

"கை நழுவிச்சு. இல்லன்னு நான் சொல்லல. பட்ட அடி அது ஒண்ணுதாம்மா. அதுக்கு மேல உங்கள நீங்களே அடிச்சுக்கிறீங்க பாருங்க, அது தனி. அந்த அடி புள்ள மேலயும் விழும். எங்க புத்தர் சொன்னதுல எனக்கு வெளங்குனது இவ்ளோதான். உங்களமாதிரி ஒருத்தி பக்கத்துல உக்காந்து அழுதா அவளக் கூட்டத்துல தள்ளி விடுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப இவளையும் தள்ளாதீங்க."

அவள் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதாள், மதியத்துக்குப் பிறகு முதல் தடவையாக. பையன் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். நான் அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கால் முதலில் திரும்பியது. வந்து அவள் மடிக்கு எதிரில் நின்று தலையைக் குனிந்து காட்டினான்.

"தல எரியுதும்மா."

அவள் இரண்டு கையாலும் அந்த மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். நாத்தனார் திரும்பி வந்து அதைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்கள் மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டு திசையில் போனதைப் பார்த்துவிட்டுத்தான் நான் மறுபடி மைக்கைப் பிடித்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு சார் மைக் வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "வசந்தா, அந்தப் பொண்ணு உங்களுக்குச் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு சார்."

"உள்ள போச்சா?"

நான் சிரித்து மழுப்பினேன். அவர் அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. ஓய்வு பெற்று மகள் வீட்டோடு ஓசூருக்குப் போனார். போன வருடம் இறந்துவிட்டார் என்று தாமதமாகத்தான் தெரிந்தது, போக முடியவில்லை.

அந்தப் பெண் ஒரே மாலையில் கற்றுக்கொண்டது எனக்கு இத்தனை வருடம் ஏறவில்லை. அம்மா இருக்கும் வரை வீட்டில் ஒரு பேச்சுக் குரல் இருந்தது. இப்போது வேங்கிக்காலில் புதிதாக வந்த குடியிருப்பில் மாடி வீடு. காலையில் காபி ஒரு டம்ளர், மதியத்துக்கு அரை ஆழாக்கு அரிசி. பேசவே இல்லாமல் இரண்டு நாள் போய், மூன்றாம் நாள் பால்காரரிடம் பேசும்போது குரல் கட்டிக்கொண்டு வரும். ஊருக்கெல்லாம் கேட்ட குரல் இது. தனிமை பழகிப்போச்சு என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். பழகவில்லை. கஷ்டமாகத்தான் இருக்கிறது. இப்படி ஆனதற்கு நான்தான் காரணம் என்று தோன்றும்போது கஷ்டம் இன்னும் ஜாஸ்தியாகும்.

இந்த வருடத் தீபத்துக்கு முன்னால், தொண்டர்களாக வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என் பழைய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். கைப்பட்டையைப் பற்றி வேறொருவர் விளக்கினார். நான் இட்லி, பாதம், மொட்டை எல்லாம் சொன்னேன். பிள்ளைகள் சிரித்துக் கேட்டார்கள். முடிக்கும்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், கூப்டுக் கூப்டுப் பாத்தும் யாருமே வரலன்னா அந்தக் கொழந்தைகிட்ட நாங்க இன்னா சொல்றது?"

அப்படியும் நடந்திருக்கிறது. வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. காப்பகத்திலிருந்து ஆள் வரும் வரைக்கும் அந்தக் குழந்தைகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அவர்களிடம் என்ன சொல்வேன் என்று யோசிக்கத் தேவையே இல்லை, பல தடவை சொன்னதுதான்.

"கிட்டக்க உக்காந்துக்கோங்க. கையப் புடிச்சுக்கோங்க. உன்னத் தேடி யாரும் வரலன்னா அது உன் தப்பு இல்லடா, உங்கிட்ட எந்தக் கொறையும் இல்ல, நீ நல்ல புள்ள, நான் உங்கூட இருக்கேன்னு சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க. ஒரு தடவ சொன்னா நம்ப மாட்டாங்க. திரும்பத் திரும்பச் சொல்லணும்."

சொல்லி முடிக்கும்போது என் குரல் நின்றுவிட்டது. மைக் பிடித்த இத்தனை வருடத்தில் அப்படி நின்றதில்லை. தாகம் என்று நினைத்து யாரோ ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினார்கள். வாங்கிக் குடித்தேன். நன்றி சொல்லிவிட்டு, அவர்கள் போர்த்திய சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

கதவைச் சாத்தினேன். விளக்குப் போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, என் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். பார்க்க யாருமில்லை, இருந்தும் கூச்சமாக இருந்தது.

"வசந்தா, உன்னத் தேடி யாரும் வரலன்னா அது உன் தப்பு இல்ல. உங்கிட்ட எந்தக் கொறையும் இல்ல. நான் உங்கூட இருக்கேன்."

நம்பவில்லை. குழந்தைகளும் முதல் தடவையில் நம்பியதில்லை. கையை விடாமல் மறுபடியும் சொன்னேன்.